நாற்பது நிமிடத்தில் டப்ளின்

2024 ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை என்று தேதியிட்ட என் குறிப்பேட்டுப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஆம்ஸ்டர்டாம் – டப்ளின். வான்வழித் தூரம் ஏறக்குறைய 750 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி நாற்பது நிமிடம். கேட்டது தங்கை. ஏன் என்று சொல்லவில்லை."

கடைசி வரியில் கொஞ்சம் பாசாங்கு உண்டு. அவள் சொல்லவில்லை என்பது சரி. ஆனால் எனக்குத் தெரியும். ஆம்ஸ்டர்டாமில் அவள் மகன் இருக்கிறான். டப்ளினில் அவள் மகள் இருக்கிறாள். இருவரும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

அன்று காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எங்கள் மலேசிய மாநிலமான ஜொகூரில் அப்போது வெள்ளி, சனிதான் விடுமுறை; ஞாயிறு வேலை நாள். 2025 ஜனவரியில்தான் பழையபடி சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பினோம். ஆனால் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறு எப்போதும் ஞாயிறுதான். என் தங்கை இருபத்திரண்டு வருடமாக உலு திராமில் கம்பெனி பஸ் ஏறி, சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி, வேலைக்குப் போய் வருகிறவள். அந்த மாதம் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் இருந்தாள்.

"அண்ணே, ஒன்னு பாத்துச் சொல்லு. தம்பி ஊருக்கும் பாப்பா ஊருக்கும் எவ்வளவு தூரம்?"

மகனைத் தம்பி என்றும் மகளைப் பாப்பா என்றும்தான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். பாப்பாவுக்கு முப்பத்து நான்கு வயது, மருத்துவமனைத் தாதி. தம்பி மூன்று வயது இளையவன், கணினி வேலை.

"தரை வழியாவா, வான் வழியாவா?"

"நடந்தா போகப் போறான்? கேக்குற பாரு கேள்வி. ஃப்ளைட்லதான்."

முதலில் பழைய நிலவரைபடப் புத்தகத்தை எடுத்து அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பிறகு கைப்பேசியில் பார்த்தேன். கைப்பேசி சொன்னதை எழுதிக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் வண்டிகள் வந்த நேரமும் போன நேரமும் எழுதுவதே முப்பது வருடம் எனக்கு வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. மற்றவர்கள் மாத்திரை சாப்பிடுவதுபோல நான் நாள்தோறும் எழுதுகிறேன்.

அவள் எதற்காகக் கேட்டாள் என்றால், பாப்பாவின் மகளுக்குக் காது குத்த வேண்டும். குழந்தைக்கு அப்போது பதினோரு மாதம். மே 4, சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு, டப்ளினில் குழந்தைகளுக்குக் காது குத்தும் ஓர் இடத்தில் நேரம் வாங்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். வேறு எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்வோம். பந்தல் வேண்டாம், விருந்து வேண்டாம், மேளம் வேண்டாம். மடி மட்டும் மாமன் மடியாக இருக்க வேண்டும். பாப்பாவுக்கும் தம்பிக்கும் காது குத்தியது என் மடியில்தான். தம்பி அன்று என் வேட்டியை நனைத்த நேரம்கூட என்னிடம் எழுதி இருக்கிறது.

குழந்தைக்குத் தாய்மாமன் என்றால் தம்பிதான். ஆனால் பாப்பா தன் அம்மாவிடம் வேறு மாதிரி சொல்லிவிட்டாள்.

"மாமா வரட்டும். எனக்கு மடி குடுத்தவரு, என் பொண்ணுக்கும் குடுக்கட்டும்."

மாமா என்றது என்னை. ஜொகூரிலிருந்து டப்ளினுக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர் வரும், சிறிது முன்பின் இருக்கலாம். பக்கத்தில் 750 கிலோமீட்டரில் இருக்கிற சொந்தத் தம்பியை விட்டுவிட்டு, அறுபத்து மூன்று வயதான என்னை அந்தத் தூரத்திலிருந்து கூப்பிடுகிறாள். இது சரியில்லை என்று எனக்கு உடனே பட்டிருக்க வேண்டும். படவில்லை. சந்தோஷமாக இருந்தது. கடவுச்சீட்டு எத்தனை மாதம் செல்லும் என்று எடுத்துப் பார்த்தேன். மே மாதத்தில் டப்ளின் குளிருமா என்று பார்த்தேன். குளிரும் என்றுதான் தெரிந்தது.

தங்கை என் சந்தோஷத்தைக் குரலிலேயே பிடித்துவிட்டாள்.

"உன்னை வேணாம்னு சொல்லல, அண்ணே. நீ போனா எனக்குப் பெருமைதான். ஆனா ஒரு வாட்டி உன் மடியில உக்கார வச்சிட்டாங்கன்னா முடிஞ்சிச்சு. அப்புறம் தம்பி அந்த வீட்டு வாசப்படி மிதிக்கவே மாட்டான். எனக்குப் பெறகு ரெண்டு பேரும் யாரோ, எவரோ."

நான் கடவுச்சீட்டைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். 2018 ஜூன் மாதம், பள்ளி விடுமுறை தொடங்கிய ஒரு சனிக்கிழமை விடியற்காலை, தங்கையின் கணவர் ஜொகூர் பாரு மருத்துவமனையில் இறந்துபோனார். தம்பி அப்போது சிங்கப்பூரில் வேலை செய்தான். அன்று காலை வேலையிடத்தில் இருந்தவன், செய்தி கேட்டுப் புறப்பட்டான். இங்கே காத்திருந்தார்கள். அவன் வரவில்லை. கடைசியில் மச்சானுடைய அண்ணன் மகன்தான் கொள்ளி வைத்தான். தம்பி வந்து சேர்ந்தபோது வீடு கழுவியாகிவிட்டது. ஈரத் தரையில் அக்காவும் தம்பியும் நின்று பேசியதை நான் கேட்டேன்.

"ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன்னு சொன்னியே!"

"நான் எப்பச் சொன்னேன்?"

"பொய் சொல்லாத. பாலம் ஒரு கிலோமீட்டர்தான். நடந்து வந்திருந்தாலும் அப்பா முகத்தப் பாத்திருப்ப."

அதற்குமேல் அவள் சொன்னதை எழுதத் தேவையில்லை. அவன் சட்டையைக்கூட மாற்றாமல் வெளியே போனான். மறு வருடம் அவள் அயர்லாந்துக்குப் போனாள். அதற்கு அடுத்த வருடம் அவன் நெதர்லாந்துக்குப் போனான். உலகத்தில் இவ்வளவு இடம் இருந்தும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்களே என்று தங்கை சொல்வாள். அந்தக் கூப்பிடு தூரம் எவ்வளவு என்றுதான் இப்போது கேட்டிருந்தாள்.

அவளுடைய திட்டம் எளிமையானது. தம்பியிடம் பேசிப் பார்த்தாள். "அக்கா கூப்பிடட்டும், வரேன்" என்றான். மகளிடம் பேசிப் பார்த்தாள். "அவன் வரேன்னு சொல்லட்டும், கூப்பிடுறேன்" என்றாள். யாரும் முதலில் வாய் திறக்கப் போவதில்லை. ஆகவே, பயணம் மிகவும் சின்னது, போனதும் தெரியாது வந்ததும் தெரியாது, சும்மா ஓர் எட்டு போய்விட்டு வந்துவிடு என்று மகனிடம் சொல்ல வேண்டும். அதற்கு அவளுக்குக் கணக்கு வேண்டும். கணக்குக்கு நான் வேண்டும்.

ஏப்ரல் 10, புதன்கிழமை பிற்பகல் உலு திராமுக்குப் போனேன். ஹரி ராயா, நோன்புப் பெருநாள். சாலை காலியாக இருந்தது. நாற்பத்தைந்து நிமிடம் பிடிக்கும் பயணம் இருபது நிமிடத்தில் முடிந்தது. தங்கை கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை முக்காலியில் நீட்டி, முழங்கால்மேல் ஐஸ் பையை வைத்திருந்தாள். மடியில் ஒரு தட்டு. தட்டில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

விமான நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாசித்தேன்.

"சனிக்கிழமை காலையில ஆம்ஸ்டர்டாம்ல ஒன்பது மணிக்குப் புறப்பாடு. டப்ளின்ல ஒன்பது நாப்பதுக்கு இறங்கும்."

"நாப்பது நிமிஷமா? அட, இங்கேருந்து ஜொகூர் பாரு போற நேரம்!"

"ஞாயிற்றுக்கிழமை திரும்பறது. டப்ளின்ல காலையில பத்து மணி. ஆம்ஸ்டர்டாம்ல பன்னண்டு நாப்பது."

அவள் ஒரு காயை நறுக்கி முடித்தாள். "சரி" என்றாள்.

நான் காத்திருந்தேன். இந்த இடத்தில் யாராக இருந்தாலும் புருவத்தைத் தூக்குவார்கள். போகும்போது நாற்பது நிமிடம், வரும்போது இரண்டு மணி நாற்பது நிமிடம், இது எப்படி என்று கேட்பார்கள். நான் விளக்குவதற்குத் தயாராக வந்திருந்தேன்.

"உனக்கு இது வித்தியாசமாத் தெரியலையா?"

"எது?"

"போறதுக்கு நாப்பது நிமிஷம். வர்றதுக்கு ரெண்டு மணி நாப்பது நிமிஷம்."

"ஞாயித்துக்கெழமை திரும்பறான்ல? ஜாம் இருக்கும். இதுல என்ன வித்தியாசம்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, வேலை விஷயம் கேட்கிற தோரணையில், "ஒரு ஜாமா, ரெண்டு ஜாமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வானத்துல ஏது ஜாம்? அங்க என்ன, லாரியும் மோட்டார் சைக்கிளுமா நிக்குது?"

"அலமாக், பெரிய இவரு. எனக்கென்ன தெரியும்? இருபத்திரண்டு வருஷமாப் பாக்குறேன், ஒரே பாலம், போறதுக்கு ஒரு நேரம், வர்றதுக்கு ஒரு நேரம். எந்த ஊர்லயும் அப்படித்தானே இருக்கும்?"

பிறகு நான் விளக்கினேன். இரண்டு ஊர்களுக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் வித்தியாசம். ஆம்ஸ்டர்டாமில் ஒன்பது என்றால் டப்ளினில் எட்டு. விமானம் போகும்போதும் ஒன்று நாற்பது, வரும்போதும் ஒன்று நாற்பதுதான். போகும்போது கடிகாரம் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது, வரும்போது பிடுங்கிக்கொள்கிறது. அவள் நம்பாமல் பார்த்தாள். 1982 ஜனவரி 1 உனக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். அன்றுதான் தீபகற்பத்தில் எல்லாக் கடிகாரத்தையும் அரை மணி முன்னால் தள்ளி வைத்தோம். நாங்கள் அப்போது கோத்தா திங்கி பக்கம் தோட்டத்தில் இருந்தோம். காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் அந்த வரிசைக்கு, அம்மா அதுவரை வெளிச்சம் வரும் நேரத்தில் போனவள், மறுநாள் முதல் இருட்டில் போனாள்.

"ஆமா, ஆமா" என்று தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். "அரை மணி தூக்கத்தக் கெடியாரம் தின்னுடுச்சுன்னு அம்மா பொங்கல் வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்துச்சே! அதுமாதிரியா?"

"அதேதான்."

"அப்ப ஒன்னு நாப்பது. அதுவும் பரவால்ல. நான் தம்பிகிட்ட நாப்பது நிமிஷம்னே சொல்றேன். டிக்கெட்ல அப்படித்தானே போட்டிருக்கு?"

அதைச் சொல்லிவிட்டு மறுபடி காய் நறுக்கத் தொடங்கினாள். நான் தேநீரை எடுத்தேன். அப்போதுதான் அவள் சற்று முன் கேட்ட கேள்வி எனக்குள் திரும்ப வந்தது.

"அது என்ன, ஒரு ஜாமா ரெண்டு ஜாமா?"

"அது எங்க பஸ் பாசை. சிங்கப்பூர் பாஸ்போர்ட் செக்கிங்ல நிக்கிறது ஒரு ஜாம். நம்ம பக்கம் செக்கிங்லயும் நின்னா ரெண்டு ஜாம். ஒரு ஜாம்னா வீட்டுக்கு வந்து சமைக்கலாம். ரெண்டு ஜாம்னா கடையில வாங்கிச் சாப்புட வேண்டியதுதான். வீட்டுக்கு மெசேஜ் அனுப்புவோம், அவ்வளவுதான், ‘ரெண்டு ஜாம்’னு. எப்ப வருவோம்னு யாருக்குத் தெரியும்?"

"தம்பியும் அப்படித்தான் அனுப்புவானா?"

"அவன் என்கூட மூணு வருஷம் அதே பஸ்ல வந்தவன்தானே. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன். தேநீரை முடிக்காமல் எழுந்தேன். அவள், "என்ன, கறி கொதிக்கறதுக்குள்ள ஓடுற?" என்றாள். வீட்டுக்குப் போய் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றேன்.

ஜொகூர் பாருவில் என் வீட்டு அலமாரியில் குறிப்பேடுகள் ஆண்டு வரிசையில் இருக்கின்றன. 2018-ஐ எடுத்தேன். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில், என் கையெழுத்தில், பகல் 11.50 என்று போட்டு, தம்பியிடமிருந்து எனக்கு வந்த செய்தியை அப்படியே படி எடுத்திருந்தேன். இரண்டு சொல்தான். "2 ஜாம்." அதற்குப் பக்கத்தில் நானே அர்த்தம் எழுதியிருந்தேன்: "இரண்டு மணி நேரம்."

மலாயில் மணி நேரத்தை ஜாம் என்றுதான் சொல்வார்கள். நான் வேலை செய்த பேருந்து நிலையத்தில் தினமும் நூறு தடவை காதில் விழும் சொல். எத்தனை ஜாம் ஆகும், இரண்டு ஜாம் ஆகும். எனக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை. சாவு வீட்டில், பெரியவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கைப்பேசியைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: "இன்னும் ரெண்டு மணி நேரத்துல வந்துடுவான்."

என் சொல்லை நம்பித்தான் மின்சுடலையில் ஒரு மணிக்கு வாங்கியிருந்த நேரத்தை மூன்று மணிக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அன்று வேறு நேரம் இல்லை. இரண்டு பக்கமும் நெரிசல், எப்போது வருவான் என்று சொல்ல முடியாது என்று நான் சொல்லியிருந்தால், மறுநாள் காலைக்கு மாற்றியிருப்பார்கள். அப்படி மாற்றுவது நடக்காத காரியம் இல்லை. மகன் வரும்வரை ஒரு நாள் வைத்திருந்த வீடுகள் எனக்கே தெரியும்.

ஆறு வருடமாக அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. திருப்பியிருந்தாலும் நான் எழுதிய அர்த்தத்தைத்தான் படித்திருப்பேன். மற்றவர்களின் தேதித் தவறுகளைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதுகிறவன் நான்.

மறுநாள் காலை அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மறுபடி உலு திராம் போனேன். தங்கையிடம் பக்கத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டு, இரண்டு சொல்லையும் விரலால் தொட்டுப் படித்தாள். பிறகு நான் எழுதிய அர்த்தத்தைப் படித்தாள். ஐஸ் பை முழங்காலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"ஆறு வருஷம்" என்றாள்.

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல அன்னிக்கு? நான் பக்கத்து ரூம்லதானே கெடந்தேன்."

"கேட்டிருக்கணும்."

"எழுதி எழுதி வச்சி என்னத்தக் கிழிச்ச நீ?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றதும், வேலை சொல்லும் குரலில், "நீயேதான் சொல்லணும். ரெண்டு பேருக்கும். இப்பவே. முதல்ல பாப்பா" என்றாள்.

இப்பவே என்றால் முடியாது, அங்கே இன்னும் விடியவில்லை என்றேன். அந்த மாதத்தில் டப்ளின் நமக்கு ஏழு மணி நேரம் பின்னால். ஆம்ஸ்டர்டாம் ஆறு மணி நேரம். மாலை நான்கு வரை உட்கார்ந்திருந்தோம். மதியம் அவள் எனக்குச் சோறு போட்டாள். அதிகம் பேசவில்லை, ஆனால் அப்பளம் இரண்டு வைத்தாள்.

நான்கு மணிக்குப் பாப்பாவைக் கூப்பிட்டேன். வேலை இல்லாத நாள். குழந்தை பின்னால் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. நான் சுற்றி வளைக்காமல், தவறு என்னுடையது என்று தொடங்கி, செய்தியையும் அதன் அர்த்தத்தையும் சொன்னேன்.

"மாமா, அன்னிக்கு நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்னு அந்த நோட்டுல எழுதியிருக்கீங்களா?"

எழுதியிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தேன்.

"இல்லம்மா" என்றேன்.

"எழுதலன்னா நல்லதாப் போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தம்பி அலுவலகத்தில் இருந்தான். தாழ்வாரத்துக்கு வந்து பேசினான்; பின்னால் கதவுகள் திறந்து மூடும் சத்தம். நான் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"நான் என்ன டைப் பண்ணேன்னு எனக்கே ஞாபகம் இல்ல, மாமா. பஸ் ஒரு அடி நகரல. அதுக்கப்புறம் பேட்டரி போயிடுச்சு. ரெண்டு பக்கமும் ஜாம்னுதான் நெனச்சிருப்பேன். இல்லன்னா வேற என்ன?" பிறகு கேட்டான்: "நீங்கல்லாம் எனக்காகக் காத்திருந்தீங்களா?"

அவனுக்கு அது தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனுக்காகக் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டோம் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான். குறிப்பேடு என் மடியில் திறந்து கிடந்தது. படித்தேன்.

"பதினொன்னு அம்பது, உன் செய்தி. பன்னண்டு அஞ்சு, மின்சுடலை நேரம் மூணு மணிக்கு மாத்தினது. ஒன்னே முக்காலுக்குப் பாப்பா நாற்காலிய எடுத்துக்கிட்டு கேட்டுக்கு வெளிய போய் உக்காந்தா. ரெண்டு பத்து, வெயிலாச்சே உள்ள வான்னு கூப்பிட்டாங்க, வரல. ரெண்டு முப்பத்தஞ்சு, வண்டி புறப்பட்டது. நீ வந்தது நாலு பத்து."

"அக்கா கேட்டுக்கு வெளியவா உக்காந்திருந்தா?"

"ஆமா. ரோட்டப் பாத்துக்கிட்டு."

"சரி, மாமா. மீட்டிங் இருக்கு" என்றான். மீட்டிங் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஒரு வாரம் எங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை. தங்கை தினமும் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது வந்துச்சா?" என்பாள். உனக்கு வராதது எனக்கா வரும் என்பேன். எட்டாம் நாள் அவளுக்கு ஒரு படம் வந்தது. விமானச் சீட்டின் படம். மே 4, சனிக்கிழமை, ஒன்பது மணி, ஒன்பது நாற்பது. சொல் ஒன்றும் இல்லை. அவள் அதைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டி, "எம்மவன் நாப்பது நிமிஷத்துல டப்ளின் போறான்" என்று சொன்னதாக அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே என்னிடம் சொன்னார்.

மே 4 மாலை ஆறரை மணி நமக்கு. தங்கை வீட்டில் கைப்பேசியை ஒரு பிஸ்கட் டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, "நான் பாப்பேன்லா" என்றாள். இணைப்பு மூன்று தடவை அறுந்தது. நான்காவது தடவை வந்தபோது குத்தி முடிந்துவிட்டது. குழந்தை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. தம்பி, எதிலாவது மோதிவிடுமோ என்று பயப்படுகிறவன்போல இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். குழந்தையின் ஒரு கை அவன் தாடியில் இருந்தது. பாப்பா குனிந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுக்கா, மெதுவா எடு."

"தாடிய மழிச்சிட்டு வரச் சொன்னேன்ல? எருமை."

தங்கை என் கையைப் பிடித்தாள். பிறகு கைப்பேசியைப் பார்த்து, "டேய், ஷேவ் பண்ணாமயா போன? மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க!" என்று கத்தினாள். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். அந்த மடி என்னுடையதாக இல்லையே என்று எனக்குச் சிறிது வருத்தம் இருந்தது. பதிவுக்காகச் சொல்கிறேன். பெரிய வருத்தம் இல்லை.

விமானம் அன்று பன்னிரண்டு நிமிடம் தாமதமாக இறங்கியது என்று தம்பி சொன்னான், எழுதிக்கொண்டேன். சீட்டு வாங்குவதற்கு முன் இருவரும் தொலைபேசியில் பேசிவிட்டார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. யார் யாரைக் கூப்பிட்டது என்று தனித்தனியாகக் கேட்டேன்.

"அக்காதான் கூப்பிட்டா, மாமா" என்றான் தம்பி.

"அவன்தான் கூப்பிட்டான், மாமா. வரேன்னு சொன்னான்" என்றாள் பாப்பா.

இதையெல்லாம் எதற்குத் துருவுகிறாய், விட்டுத்தொலை என்றாள் தங்கை. இரண்டு பேருடைய கைப்பேசியிலும் அழைப்புப் பட்டியல் இருக்கும், கேட்டால் அனுப்புவார்கள். நான் கேட்கவில்லை. முதலில் கூப்பிட்டது யார் என்பது இந்த வரியை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.